நீ கொடுக்காமல் போன ரத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நீ போனையும் எடுப்பதில்லை. உன் மேஸ்திரி நீ இருக்கும் இடத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். கடிதத்தை மட்டும் சேர்ப்பதாகச் சொன்னார்.

முதலில் அம்மா. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லேபில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். அம்மா கண் விழித்ததும் உன்னைத்தான் தேடினாள். அப்பாவோ, பெற்ற தாய்க்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்கப் பயந்து ஓடிவிட்டான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார்.

ரத்தம் கொடுக்கப் பயந்து நீ ஓடவில்லை. முதல் ஆளாகக் கையை நீட்டியவன் நீதான். சோதனைக் குழாயை இயந்திரத்தில் வைத்தவள் நான். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரையாவது வேண்டும், உனக்கு எட்டு. நம்பாமல் மறுபடி ஓட்டினேன், அதே எட்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் வெளிறி, சிலது எலி ஓரம் கடித்த காகிதம் போல இருந்தன. வெளியே ஓடி வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் மெத்தையைத் தூக்கினேன். கட்டடச் சாரத்திலிருந்து நீ விழுந்தபோது முதுகு வலிக்குக் கொடுத்தார்களே, அதே மாத்திரை. காலி அட்டைகள் நாற்பதுக்கு மேல். பத்து நாளைக்கு எழுதியதை இரண்டு வருஷமாக விழுங்கியிருக்கிறாய். சோதனையில் இது தெரிந்துவிடும் என்றுதானே எழுந்து போனாய்?

பெயர் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். இந்த மாத்திரை பழக்கமாகிவிட்டால் பசி செத்துவிடும், இரும்பைத் துரு அரிப்பது போல ரத்த அணுக்கள் அரிபடுவது அதிகமாகும், அதைத் தடுக்கும் சத்தும் குறைந்துபோகும், அணுக்கள் ஆயுளுக்கு முன்பே சாகலாம் என்றார். ரத்தம் குறைய வேறு காரணமும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியுமாம். திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ரத்தம் தேறிவிடும் என்றார். கடைசியில், "உங்க தம்பிதானேம்மா? கூட்டிட்டு வாங்க, நான் திட்ட மாட்டேன்" என்றார். என் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாள் முடிந்தும் நீ வலியில் துடித்தபோது, தெரிந்த மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் அதே மாத்திரையை வாங்கித் தந்தவள் நான். அப்பா உன்னை ஏசும்போது நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். இன்று சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், என் பங்கையும் சேர்த்து.

மூச்சு வாங்கினாலோ, கண்ணை இருட்டினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போ. அறையில் தனியாக இருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படு. வந்து என்னை நாலு வார்த்தை திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ திட்டி நான் கேட்க வேண்டும், கண்ணு.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அக்கா