பேஸ்மென்ற் பிள்ளையார்

செவ்வாய், இரவு.

எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில் ராணி அன்ரி வாடகைக்கு இருக்கிறார். நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் அங்கே இருக்கவேண்டும் என்பது சட்டம். எங்கள் யன்னலில் பூனைதான் நுழையும். இன்று நகரசபை அதிகாரி வருமுன் என் கணவர் அன்ரியின் கட்டிலை மடித்து ஒளித்தார். அடுப்பின்மேல் என் கூறைச்சேலையை விரித்துப் பிள்ளையாரை இருத்தினார்.

"சாமியறை எண்டு சொல்லு."

சொன்னேன். அதிகாரி சப்பாத்தைக் கழற்றினார். மரியாதைக்காக உள்ளே கால் வைக்காமல், மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு என்னையே அருவருத்தது.

வேலையால் வந்த அன்ரி கேட்டார்: "யன்னலைப் பெருப்பிக்கச் சொன்னவரோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி, எல்லாம் சரியாம்."

"பிள்ளையார்தான் காப்பாத்தினவர்" என்று அந்தச் சேலைமேலேயே விளக்கேற்றி வைத்துவிட்டு அன்ரி படுத்துவிட்டார்.

இறங்கிப்போய் விளக்கை அணைக்க வேண்டும். என்ன காரணம் சொல்ல?