தண்ணீர் கொதிக்கும்போது எது உடைகிறது

மார்ச் 4, செவ்வாய்

முப்பத்தெட்டு வேதியியல் விடைத்தாள்கள். பத்தாவது கேள்வி, இரண்டு மதிப்பெண்: தண்ணீர் கொதிக்கும்போது எது உடைகிறது? முப்பத்தேழு பேரும் ஒரே பதில் — மூலக்கூறுக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கும் பிணைப்பு. தவறு. ஆனால் துறைத் தலைவரின் நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது. பதினெட்டு வருடமாக, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். விடைக்குறிப்பும் அவர் போட்டதே. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கொதிகலன்.

ஒருத்தி மட்டும் வேறு எழுதியிருக்கிறாள். கடைசி பெஞ்ச். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு மாதம் வராதவள். 'மூலக்கூறு உடைவதில்லை. ஆவியிலும் அது தண்ணீர்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விடுகின்றன.'

நான் வகுப்பில் சொன்ன வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை.

இரண்டு போட்டேன். மொத்தம் 36. தேர்ச்சிக்கு 35.

மற்ற முப்பத்தேழு பேருக்கும் இரண்டு போட்டேன். விடைக்குறிப்புக்குப் பயந்து. என் நேர்மையின் லட்சணம் இது.

மார்ச் 6, வியாழன்

ஆசிரியர் அறையில், எல்லோர் முன்பும் கொதிகலன் கேட்டார் —

"இந்தப் பொண்ணுக்கு பத்தாவது கேள்விக்கு எதுக்கு ரெண்டு?"

"சரியா எழுதியிருக்கா சார். உள்ள இருக்கற பிணைப்பு உடைஞ்சா ஆவி எப்படி வரும்? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வரும்."

"தம்பி, தண்ணியக் கேட்டா மார்க் போடறோம்? விடைக்குறிப்பப் பாத்துத்தான் போடறோம்."

சிரித்தார்கள். இயற்பியல்காரரும் சிரித்தார். காலையில் டீ குடிக்கும்போது "நீங்க சொல்றதுதான் கரெக்ட்" என்றவர்.

கிளம்பும்போது கொதிகலன் சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார்: "உங்கள நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. ஒரு கையெழுத்துதான் பாக்கி."

சம்பந்தமில்லாமலா?

மார்ச் 7, வெள்ளி

அக்கா: "ரெண்டு மார்க்குக்காகவாடா? அந்தப் பொண்ணு மறுதேர்வு எழுதிக்குவா. உனக்கு யாரு மறுதேர்வு வைப்பா?"

அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்தார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க. நான் பாயை விரித்தேன். மறுபடி கூட்டினார். மூன்று வருடமாக அவர் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

மார்ச் 10, திங்கள்

அடித்தேன். அவளுடைய அந்த இரண்டை. சிவப்பு மை. ஸ்கேல் வைத்து அடித்தேன். கோடு நேராக வந்தது.

34.

மார்ச் 11, செவ்வாய்

தாளோடு வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"சார், இது நீங்க சொன்னதுதானே?"

"விடைக்குறிப்புல அப்படி இல்லம்மா."

"அப்ப நீங்க சொன்னது தப்பா சார்?"

கொதிகலன் செய்தித்தாளைப் புரட்டவில்லை. இயற்பியல்காரர் டம்ளருக்குள் பார்த்தார்.

"நோட்ஸ ஒரு தடவ நல்லா பாத்துக்கோ."

சொன்னது நான்தான். சீ — என் வாய்தான் சொன்னது.

"சரி சார்." தாளை நான்காக மடித்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 12, புதன்

வகுப்பில் அவள் கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றும்.

மார்ச் 19, புதன்

ஆய்வகம். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர். "இழுத்துப் பிரிங்க பாக்கலாம்" என்றேன். முடியவில்லை, ஒருவராலும். அவள் இழுக்கவில்லை. மேல் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினாள். சத்தமே இல்லாமல் வழுக்கி வந்துவிட்டது.

என்னையும் யாரும் இழுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஆணை கைக்கு வந்தது. நிரந்தரம். கொதிகலன் தோளில் தட்டினார்: "இனிமே நீங்க நம்மாளு." அக்கா அழுதாள். அத்தான் முதல்முறையாக, "தனியா வீடு பாக்கணும்ல?" என்றார். அன்பாகத்தான்.

ஏப்ரல் 2, புதன்

மறுதேர்வு. ஒன்பது பேர். கொதிகலனுக்குப் புதுத்தாள் எடுக்கச் சோம்பல். அதே கேள்விகள், வரிசை மட்டும் வேறு. தண்ணீர் இம்முறை நான்காவது.

அவள் தாளைக் கடைசியில் எடுத்தேன். நோட்ஸின் வாக்கியம். ஒரு கமா பிசகவில்லை. கையெழுத்து முன்பைவிட அழகு.

அதற்கு மேலே அடிக்கப்பட்ட அரை வரி. 'மூலக்கூறு உடைவதி' — அங்கே நின்றிருக்கிறாள்.

ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள்.

இரண்டு போட்டேன்.