காதுக்குப் பின்னால் கரி

அம்மா,

இன்று காலை அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்த கையோடு தலையைக் கோதியிருக்கிறேன். வேப்பந்தட்டைக்கு மேற்கே ரோடு அளக்கும் வேலை. நேற்று எடுத்த அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் அரை அடி உதைத்தது. மறுபடி அளக்க வேண்டுமானால் மூன்று மைல் வெயிலில் நடக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை ரப்பரால் அழித்து மாற்றி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். ரப்பரைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் அளவுச் சங்கிலி பிடிக்கும் பெரியவர் சொன்னார்: "காதுக்குப் பின்னால கரி ஒட்டியிருக்குங்க சார்."

கை அப்படியே நின்றுவிட்டது.

அரியலூரில் பொங்கலுக்கு நடந்த சிலம்பப் போட்டி உனக்கு மறந்திருக்காது. யுத்த காலம். துணி கிடைப்பதே பெரும்பாடு. முதல் பரிசு ஒரு ஜோடி புது வேட்டி. திருச்சியில் தொழிற்பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது, உடுத்திக்கொண்டு போக உருப்படியாக ஒரு வேட்டி கிடையாது. "செயிச்சா புதுசு, தோத்தா ஒட்டுப்போட்டது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீயும் கிளம்பினாய். "பொம்பளைங்க எதுக்கு அங்க?" என்றேன். "பெத்தவ வராம வேற யாரு வருவா? நட" என்றாய்.

கம்பின் இரண்டு முனையிலும் துணி சுற்றி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவியிருந்தார்கள். பட்ட இடத்தில் கரும்புள்ளி விழும். ஆட்டம் முடிந்ததும் நடுவர் இருவர் உடம்பிலும் புள்ளிகளை எண்ணுவார். கழுத்துக்கு மேலே பட்டால் ஒன்று இரண்டாகும். என்னோடு கடைசியாக மோதியவன் செந்துறைக்காரன், என்னைவிட ஒரு சாண் உயரம். அவன் தோளில் ஒரு புள்ளி வைத்தேன். என் உடம்பில் ஒன்றும் இல்லை. நடுவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கையைத் தூக்கினார். நம்மூர் ஆட்கள் விசிலடித்தார்கள். வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாய். வேர்வையைத் துடைக்கத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். வெட்டச் சொல்லி நீ கத்திக்கொண்டே இருந்த முடியை இடது காதுக்குமேல் ஒதுக்கினாய். உன் முந்தானை கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்திருந்தால் போயிருக்கும்.

"இங்க ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்றாய்.

நடுவர் திகைத்துப் போனார். "ஏம்மா, பெத்தவளே காட்டிக் குடுக்கிறியே!"

செந்துறைக்காரர் ஒருவர் சிரித்தார். "இந்தம்மா நம்மூருல பொறந்த பொண்ணா இருக்கும்யா!"

"பொறந்தது எங்கயா இருந்தா என்ன? கண்ணு என் மூஞ்சியிலதான இருக்கு" என்றாய் நீ.

வேட்டி அவனுக்குப் போனது.

திரும்பி வரும்போது நான் பத்தடி முன்னால் நடந்தேன். நீயாகத்தான் சொன்னாய்: "காலு நல்லா வச்சடா தம்பி. நான் கம்ப எங்க பாத்தேன்? ஒன் காலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." சமாதானம் செய்கிறாய் என்று எரிச்சல்தான் வந்தது. "அது அவன் கம்பு இல்ல. சுத்தும்போது என் கம்பே பட்டிருச்சு" என்றேன். நீ "அப்படியா" என்று மட்டும் கேட்டாய்.

அன்று இரவே பழைய வேட்டிக்கு ஒட்டுப் போட்டாய். வெள்ளை நூல் தீர்ந்துபோய்க் கடைசி நாலு விரற்கடைக்கு மஞ்சள் நூல். "தெரியுமே" என்றேன். "தெரியட்டுமே" என்றாய். அதைக் கட்டிக்கொண்டுதான் திருச்சிக்குப் போனேன். முதல் வாரம் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் நீ கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அது அவன் கம்புதான். பட்ட நொடியே எனக்குத் தெரியும். காது சுர்ரென்றது, இடது கால் ஒரு அடி தடுமாறியது. நடுவர் தேடிய நேரமெல்லாம் வாயைத் திறக்காமல்தான் நின்றேன்.

இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் புரிகிறது. மார்பு, முதுகு, தோள் எதையும் நீ பார்க்கவில்லை. நேராக இடது காதுக்கு வந்தாய். ஊரே கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தடுமாறிய அந்த ஒரு காலடியை நீ மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நான் சொன்ன பொய்யும் தெரிந்துதான் "அப்படியா" என்றிருக்கிறாய். கருவி வைத்து அளக்கிற ஆட்கள் எத்தனையோ பேரோடு வேலை பார்த்துவிட்டேன். அப்படி ஒரு கண் ஒருத்தருக்கும் இல்லை.

ரப்பரைப் பெட்டியில் போட்டுவிட்டேன். "கிளம்புங்க, முதல்லேருந்து அளக்கணும்" என்றதும் பெரியவர் வானத்தைப் பார்த்தார். "இந்த வெயில்லயா சார்?"

"இந்த வெயில்லதான்."

"அந்தக் கரியையாவது தொடைச்சிட்டு வாங்க சார்."

அளந்து முடித்தபின் துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அம்மா.