சம்பந்தி ஊருக்கு ரயில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுதானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்கிறாய். பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறாரா, அவர் அம்மா, உன் அத்தை, வந்திருக்கிறார்களா என்று தெரியாமல் நான் எதைப் பேசுவது? "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காகிதம் என்றால் நீ மட்டும் படிப்பாய்.

அப்பா சுகம். முட்டிவலிதான் குறையவில்லை. ஏணி ஏற வேண்டாம் என்று மின்வாரியத்தில் சொல்லியும் கேட்பதில்லை. என் ஜெராக்ஸ் கடையில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. இன்னொன்று அதைப் பார்த்துப் படுக்கலாமா என்று யோசிக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூட்ஸ் வண்டி மட்டும் போகும் தண்டவாளங்களில் பயணிகள் ரயிலும் விடப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது உனக்குத் தெரியும். இரண்டு பாதைகளைப் பரிசீலனைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒன்று நம் ஊரிலிருந்து, இன்னொன்று உன் மாமியார் ஊரிலிருந்து. இரண்டும் நீ இருக்கிற நகரத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. ஆனால் இந்த வருஷ நிதி ஒன்றுக்குத்தான். வேறு எந்த ஊரோடு போட்டி என்றாலும் இவ்வளவு பதற மாட்டேன்.

நேற்று நகராட்சிக் கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். நம் ரயில் கமிட்டித் தலைவரான பல் டாக்டர் முதலில் பேசினார். நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே ரயிலைப் பற்றிப் பேசிப் பழகியவர், எதிர்க்கேள்வி வந்ததும் தடுமாறிவிட்டார். மேடையில் இருந்த அதிகாரி ஒரு காகிதத்தைப் பார்த்து, "உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல கணக்கெடுத்தோம். நகரத்துக்குப் போறவங்க கம்மி. அரசாங்கப் பணம்னா ஆள் இருக்கிற இடத்துக்குத்தானே போகணும்?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். "பஸ்ல போறவங்களை எண்ணி ரயில் விடுறீங்க சார். அந்த பஸ்ல போக முடியாம வீட்ல உட்கார்ந்திருக்கோமே, எங்களை யார் எண்ணுறது?" என்று கேட்டேன். கூடமே கைதட்டியது. "என் பொண்ணு மாசமா இருக்கா. இந்தக் குழி ரோட்டுல நாள் முழுக்கக் குலுங்கி வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரயில் இருந்தா எங்கிட்ட வந்திருப்பா" என்றும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதினாரா, கிறுக்கினாரா தெரியாது.

பத்திரிகையிலும் வந்திருக்கிறது. அப்பா அதை வெட்டி வைத்திருக்கிறார்.

நம் பாதைக்கே நிதி வந்துவிடும் என்று மனசு சொல்கிறது. வந்துவிட்டால் நீ படுத்துக்கொண்டே வரலாம். மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன்.

பத்திரமாக இரு. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா

* * *

என் கண்ணு,

உன்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இடுப்பில் இன்னும் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபித்துக்கொண்டு கிளம்பினேனா என்று போனில் கேட்டாய். இல்லை என்றேன். ஸ்பீக்கர் இருந்ததால் சொன்ன பதில் அது.

வலி எடுத்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்ன உடனே கடையை அப்படியே பூட்டிக்கொண்டு ஓடிவந்தேன். வழியில் பாலம் வேலை என்று பஸ்ஸைச் சுற்றுப் பாதையில் விட்டார்கள். அங்கே ஒரு லாரி குறுக்கே நின்றது. நான் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். குழந்தை உன் அத்தை கையில் இருந்தான். "வாங்க சம்பந்தி, பேரனைப் பாருங்க" என்று என்னை வரவேற்றார்கள். என் மகளின் அறைக்கு என்னை விருந்தாளியாக வரவேற்றார்கள்! நான் கையை நீட்டியதும், "கை கழுவிட்டு வந்துடுங்க, பஸ்ல வந்திருக்கீங்க" என்றார்கள். சொன்னதில் தப்பே இல்லை. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தப்பு இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்கள் எப்படி வந்தார்கள்? ரயிலில். நிதி அவர்கள் ஊருக்குப் போனது. தண்டவாளத்தைச் சரிசெய்து, ஸ்டேஷனுக்குப் பெயிண்ட் அடித்து, நீல நிறத்தில் ஒரு வண்டியை விட்டுவிட்டார்கள். முதல் நாள் படத்தைப் பத்திரிகையில் பார்த்தாயா? ஜன்னலோரம் கையசைக்கிறவர்களில் மூன்றாவது யார் என்று பார். பல் டாக்டர் என்னிடம் காட்டி, "யாரோ தெரிஞ்ச முகமா இருக்கே" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நம் கமிட்டிக்கு வந்த பதிலை நானே டைப் செய்து கடை வாசலில் ஒட்டினேன். "அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்." அடுத்த கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் தண்டவாளத்தில் சிமெண்ட் மூட்டைகள் சொகுசாக நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கேட் மூடியிருக்கும்போது சைக்கிள்காரர்களோடு நின்று அவற்றைப் பார்க்கிறேன். மூட்டைகளைப் பார்த்துக்கூட வயிறு எரிகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

நீ ஆய்வகத்தில் மறுபடியும் வேலைக்குச் சேரும்போது, தினமும் காலையில் ரயிலில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவதாக அத்தை சொல்லியிருக்கிறார்கள் என்றாய். நல்லது. என்னால் முடியாததை அவர்கள் செய்கிறார்கள். ஆனால் "அத்தை இல்லைன்னா என்ன செஞ்சிருப்பேனோ" என்று போனில் இத்தனை முறை சொல்ல வேண்டுமா?

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அவன் படம் ஒன்று, அவன் மட்டும் இருக்கிற மாதிரி, அனுப்பு. நீ அனுப்பியவற்றில் எல்லாம் ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. உன் கை இல்லை அது.

குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

அம்மா

* * *

அன்பு மகளுக்கு,

முன்னறிவிப்பே இல்லாமல் நானும் உன் அத்தையும் ஒன்றாக உன் வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்த்து நீ வாயைப் பிளந்தாய். "அம்மா, நீ எப்படி ரயில்ல?" என்று கேட்டாய். சும்மா, பார்க்கத் தோன்றியது என்றேன். சும்மா இல்லை.

பத்து நாளுக்கு முன்னால் உன் அத்தை கடைக்குப் போன் செய்தார்கள். எப்போதும் நிமிர்ந்து பேசுகிற குரல், அன்று குனிந்திருந்தது. "சம்பந்தி, எங்க ரயிலை நிறுத்திடப் போறாங்களாம்" என்றார்கள். எதிர்பார்த்த அளவு டிக்கெட் விற்கவில்லையாம். வண்டி ஓட அரசாங்கம் தரும் மானியத்தைத் தொடர்வதா, அதை எடுத்துச் சாலைக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்ய அதிகாரிகள் வருகிறார்களாம். அந்த வண்டியிலேயே பயணம் செய்து, பயணிகளிடம் பேசப்போகிறார்களாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. இனி அவர்களும் என்னைப் போல பஸ்ஸில் குலுங்கட்டும் என்று நினைத்தேன்.

அப்புறம் அவர்கள் சொன்னார்கள்: "நீங்க அன்னிக்குக் கூட்டத்துல கேட்ட கேள்வியைப் பேப்பர்ல படிச்சேன். எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. ஊசி போடச் சொன்னா போடுவேன். நீங்க வந்து பேசுங்க சம்பந்தி. வண்டி நின்னா உங்க பொண்ணு வேலையை விடணும்."

"உங்க பொண்ணு" என்றார்கள். "என் மருமக" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பல் டாக்டர் குதித்தார். "அங்க நின்னாத்தான் பணம் நமக்கு வரும். நீங்களே போய் அவங்களுக்காகப் பேசுவீங்களா?" என்றார். "அங்க ஓடாத ரயிலை இங்க எவன் சார் விடுவான்?" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, அது சரியா என்று எனக்கே தெரியாது. அப்பா மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பையில குடை வெச்சுக்கோ" என்றார்.

முந்தின நாளே அவர்கள் ஊருக்குப் போய்விட்டேன். வீட்டுக் கூடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் நம் குழந்தையின் படம். பல் முளைத்தது, தவழ்ந்தது, எல்லாம். எனக்குத் தெரியாத ஒரு சட்டைகூடப் போட்டிருந்தான். தட்டில் என்ன வைத்தார்கள் என்று நினைவில்லை.

காலையில் ரயில். ஏறியதும் அவர்களுக்கென்று ஒரு இருக்கை. டிக்கெட் பரிசோதகர் பேரனின் சளியை விசாரிக்கிறார். பூ விற்கிறவள் பேரனின் பெயரைச் சொல்கிறாள். என் பேரனை ஒரு ரயிலே வளர்க்கிறது, நான் மட்டும் வெளியே நிற்கிறேன் என்று தோன்றியது. ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வீம்பு இடம் தந்தது, இடுப்பு தரவில்லை.

பாதி வழியில் அதிகாரிகள் வந்தார்கள். அன்றைக்கு நம் ஊர்க் கூட்டத்தில் இருந்த அதே அதிகாரி. "நீங்க அந்த ஊர்ல பேசின அம்மா இல்ல? இங்க என்ன பண்றீங்க?" என்றார். அவர் கையில் அதே மாதிரி ஒரு காகிதம். பெட்டியில் பாதி காலி என்று அதில் குறித்திருந்தார்.

நான் பேசினேன். நடுவில் அழுகை வந்துவிடக் கூடாது என்று வேகமாகப் பேசினேன். "சார், இந்த அம்மாவை ஒரு டிக்கெட்னு எழுதியிருப்பீங்க. இவங்க இந்த வண்டியில ஏறலைன்னா என் பொண்ணு வேலைக்குப் போக முடியாது. ஆய்வகத்துல அவ பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை பேர் காத்திருக்காங்க? அவங்களும் இந்தப் பெட்டியிலதான் உட்கார்ந்திருக்காங்க. உங்க கண்ணுக்குத் தெரியல. இவங்க செய்யறதை வேற யாராலயும் செய்ய முடியாது சார். பெத்த அம்மா, என்னாலயே முடியல" என்றேன்.

இத்தனை பேர் நடுவில், என் வாயாலேயே, அதை நான் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டியில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தச்சர், படிக்கிற பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவர். அதிகாரி காகிதத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் எழுதினார். உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

உன் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். நான் வாங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதான். உன் அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினான். நீ உடனே ஓடிவந்து வாங்கி அவர்களிடம் கொடுத்துவிட்டாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். நான் சிரித்துவைத்தேன்.

ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று. நீ குளிக்கப் போனதும், சோப்பு தீர்ந்துவிட்டது என்று அவர்கள் குழந்தையை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்கள். அலமாரியில் பிரிக்காத சோப்பு இருந்ததை நான் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, வெறுங்கையோடு வந்தார்கள். அதுவரை அவன் என் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடினான். அந்தப் பெருந்தன்மையும் அவர்களிடமே இருக்க வேண்டுமா? எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டார்களா?

நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. அவர்கள் ரயில் இன்னும் ஒரு வருஷத்துக்கு ஓடும். நம் பாதை பழையபடி பரிசீலனையில் இருக்கிறது. பல் டாக்டர் என்னிடம் பேசுவதில்லை, ஆனால் புது மனுவை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் ஆள் அனுப்பினார். நீ நிம்மதியாக வேலைக்குப் போ. உன் அத்தைக்கு இரண்டு வேளை சூடாகச் சாப்பாடு கொடு, தினமும் அலைகிறார்கள்.

மழை விட்டதும் பஸ்ஸிலேயே வருகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், செய்வாயா? நான் தூக்கும்போது அவன் அழுதால், உடனே வந்து வாங்கிக்கொள்ளாதே. கொஞ்ச நேரம் அழட்டும். என் கையிலேயே அழட்டும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன்
அம்மா