முனை என்று கூப்பிடுகிறா

துணுக்காய்

அன்புள்ள அம்மா அறிவது,

மாதாவின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். அப்புவின் இருமல் குறைந்ததா?

இங்கே வேலை பழகிவிட்டது. ஒன்று மட்டும் அருவருப்பாக இருக்கிறது. நான் கடற்கரைப் பெட்டையாம். அதனால் வீட்டுக்கார விமலேஸ்வரி அக்கா என் பெயரைச் சொல்லாமல், எங்கள் ஊர் முனையை வைத்து "முனை" என்றே கூப்பிடுகிறா. நான் கழுவிச் சமைத்த மீனை விரல் சூப்பிச் சாப்பிடுவா. நான் கிட்டப் போனால் மூக்கைப் பொத்துவா.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த ஒருவர், "முனை எண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

நான் தலை குனிந்தபடி சொன்னேன்: "கடலுக்குள்ளை நீட்டிக்கொண்டு நிக்கிற தரை, ஐயா. அப்புவின்ர வள்ளம் அதைச் சுத்தி வாறதைக் கண்டாப்பிறகுதான் அம்மா உலை வைப்பா."

"வள்ளம் வராட்டி பட்டினியோ?" என்று அக்கா சிரித்தா.

"ஓம். ஒரு வள்ளம் வராட்டிலும் அண்டைக்கு ஊரிலை ஒருத்தரும் உலை வைக்கிறேல்லை."

அதற்கும் சிரித்தார்கள், வாய்க்குள் மென்ற மீன் தெரியத் தெரிய. அன்றிலிருந்து "முனை" என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. இவர்களுடைய வாயில் அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கோ. அதைத் தோய்க்க வேண்டாம், மணம் போய்விடும்.

குசினி அடுப்படியிலிருந்து "முனை, முனை" என்று கத்துகிறா. கத்தட்டும், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது "எடி புனிதம்" என்கிறா. போகிறேன் அம்மா.

உங்கள் மகள்
புனிதம்