வியாழக்கிழமை முகமும் வெள்ளிக்கிழமை முகமும்

புதிதாகப் பிரிண்ட் போட்ட படத்துக்கு ஒரு வாசனை உண்டு என்று நீ அடிக்கடி சொல்வாய். நான் முகர்ந்து பார்த்து, ஒன்றும் வரவில்லையே என்பேன். இன்று காலை லேப்பிலிருந்து வந்த உறையைப் பிரித்தபோது வந்தது. லேசாக, புதுத் துணியும் மருந்தும் கலந்தது மாதிரி. சரி, இந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது நிஜம்தான். மற்றதை எல்லாம் இனிமேல்தான் பேச வேண்டும்.

உறைக்குள் ஒரே அளவில் இரண்டு படங்கள். இரண்டிலும் நீ. பனமரத்துப்பட்டி ஏரிக்கரை, அதே வேப்ப மரத்தடி, அதே அரக்குச் சேலை. ஒன்று உன் கேமராவில் எடுத்தது, இன்னொன்று என் கேமராவில். இரண்டையும் எடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. அதற்குள் இவற்றில் ஒன்றுக்குச் சட்டம் போட்டு உங்கள் வீட்டு ஹாலில் மாட்டியாக வேண்டும். இதுநாள் வரை அங்கே மாலையோடு இருப்பது உன் ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அதைப் பார்த்தால் நீயே உன்னை வாசலில் நிறுத்தி, யாருங்க வேணும் என்று கேட்பாய்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க அம்மிணி. நீங்களே ஒன்ன எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் உன் வீட்டுக்காரர். நான் மாட்டிக்கொண்டேன். எந்தக் கேமரா உசத்தி என்ற நம் சண்டை முடியாமலே நீ போய்விட்டாய். இப்போது நான் என் கேமராப் படத்தை எடுத்துக் கொடுத்தால், எதிராளி இல்லாத நேரத்தில் ஜெயித்தவள் ஆவேன். பாவம் பார்த்து உன்னுடையதைக் கொடுத்தால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய். காலையிலிருந்து காபி மேல் காபியாகக் குடித்துக்கொண்டு இரண்டு உன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அஸ்தம்பட்டியில் நம் தெருவே சிரித்த கதை அது. நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், செங்கல் கனத்தில் ஒரு கறுப்புக் கேமரா வாங்கியதுதான். அடுத்த மாதமே நான் கைக்கு அடக்கமாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். அதைத் தராசில் வைத்ததுபோல உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இது படம் எடுக்குமா, இல்ல பவுடர் டப்பாவா?" என்று கேட்டாய். போர் அன்றைக்கு ஆரம்பித்தது. பூ எடுத்தோம், கோயில் எடுத்தோம், ஏற்காட்டு மலை மேல் மேகம் எடுத்தோம். அதில் எல்லாம் இரண்டு கேமராவும் ஒன்றாகத்தான் எடுத்தன. மனுஷ முகத்துக்கு வந்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. தோலின் நிறம், கண்ணின் ஒளி, பின்னால் இருப்பது எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்பதெல்லாம் முகத்தில்தானே தெரியும்.

உன் வீட்டுக்காரரை உட்காரவைத்து நாலைந்து நாள் எடுத்தோம். "எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்குது" என்று அவர் வெண்ணந்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் எடுப்பது என்று முடிவானது. நீ என்னை எடுத்த படங்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இரண்டு கேமராவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அந்த விஷயத்தில் ஆட்டம் சமம்.

உன்னை எடுக்கப் போன அன்று வியாழக்கிழமை. ஸ்கூட்டரில் காலையிலேயே ஏரிக்கரைக்குப் போனோம். முதலில் உன் கேமரா. பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். அடுத்து என் கேமராவை எடுத்தால், பேட்டரி சார்ஜ் இல்லை. "பவுடர் டப்பா காலி" என்று நீ சிரித்ததில் கரையில் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. மறுநாள் அதே நேரத்துக்கு வருவோம் என்றேன். நீ ஒருபடி மேலே போனாய். ராத்திரியே அந்தச் சேலையை அலசிக் காயப்போட்டு, மறுநாள் அதையே கட்டிக்கொண்டு வந்து நின்றாய். "டெஸ்ட்டுன்னா ஒழுங்கா இருக்கோணும். நாளைக்குச் சேலை மேல பழி போடுவ நீ."

வெள்ளிக்கிழமை, அதே மரம், அதே வெயில். என் கேமராவில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். உன் கேமராவில் நீ நீயாக இருந்தாய். என் கேமராவில் மாம்பழ நிறத்தில் இருந்தாய். "மஞ்சளு தூக்கலா இருக்குது" என்றாய். என் தோளில் கையை வைத்து, "விடு சாமி, எளய கேமரா, வளந்தாச் சரியாயிரும்" என்றாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்!

கேமராவில் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை மாற்றினேன். யூடியூபில் யார் யாரோ சொன்னதை எல்லாம் கேட்டேன். கடைசியில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, "மேடம், கேமராவுல ஒரு கொறையும் இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். உன் கண்ணை நான் சந்தேகப்படவே இல்லை. துணிக் கம்பெனியில் சாயம் ஒத்துவருகிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்தவள் நீ. பச்சையில் ஒரு பொட்டு மஞ்சள் கூடினால்கூடத் துணியைத் திருப்பி அனுப்புகிற ஆள். நீயே என் படம் மஞ்சள் என்று சொன்னபின் மேல்முறையீடு எங்கே செய்வது?

இன்னொரு வெள்ளிக்கிழமை வந்தது. கறிவேப்பிலை கேட்டு என் சமையலறைக்கு வந்தாய். தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றாய். உன் காதோரம் கழுவாமல் விட்ட மஞ்சள் திட்டாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். உன் கன்னத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் நீ மஞ்சள் பூசிக் குளிப்பவள் என்பது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். தெரிந்து தெரிந்தே கண்ணுக்குப் பழகிவிட்டது. கேமராவுக்குப் பழகவில்லை, உள்ளதை உள்ளபடி எடுத்துவிட்டது!

நான் உன்னை இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடி முன் நிறுத்தினேன். ஒரு நிமிஷம் ஆயிற்று உனக்கு. "அடக் கெரகமே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். "ஊரு துணியெல்லாம் மஞ்சளு மஞ்சளுன்னு திருப்பி அனுப்புனேன் புள்ள, என்ற மூஞ்சிய நானே பாக்கலியே!" நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பருப்பு தீய்ந்துபோனது. இத்தனைக்கும் பிறகு நீ தோல்வியை ஒத்துக்கொண்டாயா? "அப்ப டெஸ்ட்டு செல்லாது. மறுபடி எடுக்கோணும், ரெண்டும் ஒரே நாள்ல" என்றாய்.

மறுபடி எடுக்கவில்லை. மழை வந்தது, உன் பேத்தி பிறந்தாள், என் முழங்கால் வலி வந்தது. அப்புறம் ஒரு காலை, தூக்கத்திலேயே நீ போய்விட்டாய் என்று உன் வீட்டுக்காரர் வந்து நின்றார். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உன்னை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது, அழுகை அதன் பின்னால்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்ற எனக்கு இஷ்டமில்லை.

மத்தியானம் வரை பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. என் கேமராப் படத்தில் நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய். பவுடர் டப்பா என்ற இளக்காரம், பயமே இல்லாத முகம். உன் கேமராப் படத்தில் புருவம் லேசாக நெரிந்திருக்கிறது, உதடு ஏதோ சொல்லப் போகிறது, பார்வை லென்ஸில் இல்லை, கொஞ்சம் கீழே என் விரல்களில் இருக்கிறது. உன் செல்லக் கேமராவை நான் கீழே போட்டுவிடுவேனோ என்று கவலை! இத்தனை நாள் நிறத்தையும் துல்லியத்தையும் பார்த்துச் சண்டை போட்ட நாம் இதைப் பார்க்கவே இல்லை. சிரிக்கிற படம்தான் ஹாலுக்கு என்று முடிவு செய்தேன். நேர்மையாகத்தான் முடிவு செய்தேன், சத்தியமாக.

சாயங்காலம் அவர் வந்தார். சிரிக்கிற படத்தை நீட்டினேன். "நல்லாருக்குதுங்க" என்று வாங்கிக்கொண்டார். மேஜை மேல் இருந்த மற்றதைத் தற்செயலாகப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கையில் எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இதுதானுங்க அவ" என்றார். "நான் வண்டியெடுத்தா இப்படித்தான் பாப்பா. மோட்டார் போடப் போனா இப்படித்தான் பாப்பா. முப்பது வருசமா இந்த மொகத்தப் பாத்துட்டுத்தானுங்க ஊட்ட விட்டுப் பொறப்படறது." படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒரு வருசமா என்னைய யாருமே மொறைக்கலீங்க அம்மிணி. இதையே குடுங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்வேன்? சட்டைக்குள் வைக்க முடியாத அளவுப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்து போனார். சிரிக்கிற நீ என்னோடு தங்கிவிட்டாய்.

ஆக, ஜெயித்தது உன் கேமரா. நான் என் கண் எதிரேயே தோற்றேன், அதுவும் நானே அழுத்திய பட்டனால். ஒரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சண்டை முடிந்துபோனதோ என்று பயந்துகொண்டிருந்தேன், அது முடியவில்லை. இதோ, இந்தத் தீர்ப்பும் செல்லாது என்று வாதாட எனக்கு இப்போதே நாலு காரணம் தோன்றிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நீ என்ன பதில் சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும்.