கேட்காமல் போட்ட மெழுகு

அக்கா,

இன்று காலை என் மேசைக்கு ஒரு ஜோடி ஸ்கீ, பனிச்சறுக்குப் பலகை, வந்தது. மெழுகுக் கட்டியை இஸ்திரிப் பெட்டியில் அழுத்தி அடிப்பக்கத்தில் சொட்டவிட்டேன். வாசம் எழுந்ததும் கை தானாக நின்றுவிட்டது. "கரண்ட் போன வீட்டு வாசம் தம்பி இது" என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இந்த மேசைப் பக்கத்தில்தான் நிற்பீர்கள். மெழுகுவத்தியை ஊதி அணைத்த வீட்டின் வாசம். பன்னிரண்டு வருஷமாக இந்த மாலுக்குள் இருக்கும் பனி அரங்கில் பலகை தேய்க்கிறேன். தினமும் இதே வாசம்தான். இன்று கை நின்றதற்குக் காரணம், வந்த ஸ்கீ அவளுடையது. நீங்கள் வளர்த்த பெண்ணுடையது.

அவள் இப்போது ஸ்கீ கிராஸ் சாம்பியன். நாலு பேரை ஒரே வரிசையில் நிறுத்திக் கேட்டை ஒன்றாகத் திறந்துவிடுவார்களே, மேடு, பள்ளம், வளைவு, தாவல் எல்லாம் தாண்டி யார் முதலில் கீழே வந்து சேர்கிறார்களோ அவர் ஜெயித்தார், அந்தப் பந்தயம். ஐரோப்பாவில் இரண்டு வருஷமாக அவளை முந்த ஆள் இல்லையாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முந்திய ஆள் ஒன்று இருந்தது. அந்த ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் ஐரோப்பாவுக்கே போனாள்.

மாலில் ஏதோ விழா, அதற்காக வரவழைத்திருக்கிறார்கள். நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு அவள் படம். துபாயில் வளர்ந்த பெண் என்று கீழே எழுதியிருக்கிறது. யார் வளர்த்தது என்று எழுதவில்லை. அதற்கெல்லாம் பேனரில் இடம் இருக்காது.

நீங்கள் ஸ்கீ கற்றுக்கொண்டதே ஒரு விதியால்தான். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் மேலே போக வேண்டும் என்று அரங்கில் சட்டம். நீங்கள் வேலை செய்த வீட்டு மேடத்துக்கு, பெண்ணின் அம்மாவுக்கு, குளிர் ஆகாது. சாருக்கு புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். ஆகவே உங்களுக்கு வாடகை ஜாக்கெட்டை மாட்டி மேலே ஏற்றினார்கள். வெளியே ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். உள்ளே மைனஸ் இரண்டு. நடுங்குவீர்கள் என்று பார்த்தால், "நுவரெலியாப் பக்கம் பொறந்தவளுக்கு இது என்னா குளிரு" என்றீர்கள். முதல் வாரம் பிள்ளைகளைவிட நீங்கள்தான் அதிகம் விழுந்தீர்கள். மூன்றாவது மாதம், பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டில் உங்களை லில்லி என்று கூப்பிட்டார்கள். முன்பு இருந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் அது. பிள்ளைகளுக்குப் பழகிவிட்டதாம், மாற்ற வேண்டாம் என்று அதையே உங்களுக்கும் வைத்துவிட்டார்கள். உங்கள் சொந்தப் பெயரை இந்த அரங்கில் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். ராமநாதபுரத்துக்காரனுக்கும் மலையகத்துக்காரிக்கும் என்ன உறவு என்று கேன்டீனில் கேலி செய்தார்கள். அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்ட பிறகு வேறு விளக்கம் எதற்கு?

பெண்ணுக்குப் பதிமூன்று வயதானபோது கோச் மேடத்திடம் ஒன்று சொன்னார். இது தனியாக ஓடிப் பழகுகிற பந்தயம் இல்லை, முன்னால் ஒரு ஆள் ஓடினால்தான் முந்தக் கற்றுக்கொள்வாள் என்று. க்ளப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. மேடம் யோசிக்கவே இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறதே. இப்படித்தான் வெள்ளிக்கிழமை காலைகளில், அரங்கு திறக்கும் முன்பு, நேபாளிப் பையன்கள் மண்வெட்டியால் தட்டிக் கட்டிய மேடுகளில் நீங்கள் அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தீர்கள்.

மேடம் போட்ட ஏற்பாடு எனக்கு இன்னும் மனப்பாடம். பாதித் தூரம் வரை நீங்கள் முன்னால் போகலாம். கடைசி வளைவில் உள்பக்கம் வழி திறந்துவிட வேண்டும். திறந்துவிடுகிறீர்கள் என்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. ஜெயிக்கிற பழக்கம் வர வேண்டுமாம். நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், உங்களைப் போலத் தோற்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வளைவில் ஒரு கால் லேசாக வழுக்குவது போலக் காட்டுவீர்கள். அவள் உள்ளே புகுந்து போவாள். கீழே வந்ததும் மூச்சு வாங்குவது போல் நடிப்பீர்கள். அந்த நடிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன், எப்படி அக்கா மனசு வருகிறது என்று.

"தோக்குறது கீழதானே தம்பி. மேல நிக்கிறப்ப ஒருத்தரும் என்னைய கூப்பிட ஏலாது. அது போதும்."

எனக்குப் போதவில்லை. அதுதான் பிரச்சினை.

உங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்தக் குளிர்காலம் பெண்ணைப் பயிற்சிக்கு ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகிறார்கள், உங்களையும் கூட்டிப் போவதாக மேடம் சொல்லியிருந்தார். விசாவுக்குப் படம்கூட எடுத்துவிட்டார்கள். இங்கே கூரையில் இருக்கும் குழாய் வழியாகத்தான் பனி வரும். ஆகாயத்திலிருந்து விழுகிற பனியைப் பார்க்க வேண்டும், கூரை இல்லாத மலையில் ஒரு தடவை இறங்க வேண்டும், அவ்வளவுதான். விழுகிறபோது சத்தம் கேட்குமா என்று என்னிடம் கேட்டீர்கள். ராமநாதபுரத்தில் மழையே விழுவதில்லை, பனியைப் பற்றி நான் என்ன சொல்ல?

பெண்ணைத் தேர்ந்தெடுக்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரப்போகிற வாரம். அவர் வருவதற்கு முந்தின நாள் பலகைகளைக் கொடுக்க மேடம் என் மேசைக்கு வந்தார். பெண்ணின் ஸ்கீக்குத் தனி டப்பா மெழுகு, பலகை வேகமாக ஓடப் பந்தயத்துக்கென்று வாங்கியது. உங்கள் வாடகை ஸ்கீயையும் நான் எடுத்து வைத்ததைப் பார்த்து, இதற்கு ஒன்றும் வேண்டாம், இது சும்மா கூட ஓடத்தானே என்றார். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், பிள்ளையின் கையுறையைப் பிடித்துக்கொண்டு. உங்கள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் முகத்தில்தான் மாறியிருக்கும்.

மறுநாள் காலை சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். அரங்கில் ஆள் இல்லை. அந்தத் தனி டப்பாவைத் திறந்து உங்கள் பலகைக்குப் போட்டேன். இரண்டு தடவை உருக்கி, சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றினேன். உங்களிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் கடைசி வளைவு வரைக்கும் அவர்கள் வாய் பிளந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் எப்போதும்போல் வழி விடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்று அப்போது நினைத்தேன். இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு உங்கள் காலை எடுத்துக்கொண்டேன்.

கேட்டில் பெண், க்ளப் பிள்ளைகள் இரண்டு பேர், நீங்கள் நாலாவது ஆள். வழக்கம்போல் கோலால் இடது பூட்ஸை இரண்டு தடவை தட்டினீர்கள். அந்த வாடகை பூட்ஸின் கொக்கி தளர்ந்துபோனது, தட்டினால்தான் உட்காரும். கேட் விழுந்தது. முதல் மேட்டிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும், பலகை சொன்னபடி கேட்கவில்லை என்று. கடைசி வளைவில் நீங்கள் வழி விட்டீர்கள். நான் பார்த்தேன். நிமிர்ந்து நின்று காற்றை வாங்கி வேகத்தைக் குறைத்தீர்கள், கால் வழுக்குவது போலவும் காட்டினீர்கள். அவள் உள்ளே புகுந்தாள். ஆனாலும் தாவல் முடிந்து தரையில் இறங்கியதும் உங்கள் பலகை ஓடியது. திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அரைப் பலகை முன்னால் கோட்டைத் தாண்டினீர்கள்.

தேர்ந்தெடுக்க வந்திருந்தவர் கை தட்டினார். பெண்ணை விட்டுவிட்டு, யார் அந்த அம்மா என்றுதான் முதலில் கேட்டார். பெண் ஹெல்மெட்டை வீசி எறிந்துவிட்டு அழுதாள். மேடம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நீங்கள் பலகையைக் கழற்றி, திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

நாலாம் நாள் பாஸ்போர்ட்டோடு உங்களை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். கலாஸ், எல்லாம் முடிந்தது. போகிற வழியில் பிள்ளையின் பை ஒன்று லாக்கரில் கிடக்கிறது என்று டிரைவரிடம் சொல்லி இறங்கி வந்தீர்கள். பை ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்தீர்கள்.

"தம்பி, நீ பலகைக்கு ஏதும் போட்டியா?"

"இல்லக்கா."

அந்த ஒரு சொல்லை எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. மேடத்துக்குத் தெரிந்தால் என் விசாவும் போய்விடும் என்ற பயம். வேறு நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இத்தனை வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். "அப்ப என் காலுதான் கேக்கல போல" என்றீர்கள். அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அக்கா, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு ஊரில் இரண்டு வருஷம், பிறகு குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு வீட்டில். அங்கிருந்து எப்போதாவது குரல் செய்தி அனுப்புவீர்கள். இப்போது இருக்கும் வீட்டில் பிள்ளைகள் இல்லை, ஒரு வயசான ஆள்தான், வேலை லேசு என்பீர்கள். ஒரு செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "பேராசை பட்டுட்டேன் தம்பி. விட்டுக் குடுத்திருக்கணும். ஆனா ஜெயிச்சேன்தானே?" ஜெயிச்சீங்கக்கா என்று பதில் அனுப்பினேன். உண்மையை எழுதி எழுதி அழித்தேன். எழுதினால் அந்தப் பழி உங்களை விட்டுப் போயிருக்கும், ஜெயிச்சதும் சேர்ந்து போயிருக்கும். இதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டேன். அதற்குள் சமையலறையில் மயங்கி விழுந்தீர்கள், பிறகு எழவே இல்லை என்று உங்கள் தங்கையிடமிருந்து தகவல் வந்தது. கூரை இல்லாத மலையை நீங்கள் கடைசி வரை பார்க்கவில்லை.

இன்று அவள் மேலே போய் நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இறங்குவதற்கு முன் கோலால் இடது பூட்ஸை இரண்டு தடவை தட்டினாள். அவள் காலுக்கென்று அளவெடுத்துச் செய்த பூட்ஸ், கொக்கி எதுவும் தளரவில்லை. சுற்றி நின்றவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். அது அவளுடைய ராசியாம், டிவியில்கூடச் சொல்வார்களாம். பேட்டியில் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார்கள். இங்கே போட்டிக்கு ஆளே கிடையாது, எல்லாம் தனியாகவே கற்றுக்கொண்டேன் என்று சிரித்தபடி சொன்னாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அப்படித்தான் அவளுக்கு ஞாபகம்.

ஸ்கீயைத் திரும்ப வாங்க அவளே என் மேசைக்கு வந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். வேலை பிரமாதம் என்று சொல்லி, கையெழுத்துப் போடுவதற்கு ஒரு படத்தை எடுத்து, யார் பேருக்கு எழுதட்டும் என்று கேட்டாள். லில்லி என்று சொல்லியிருந்தால் நிமிர்ந்திருப்பாள். ஒருவேளை அழுதிருப்பாள், ஒரு படம் எடுத்துப் போட்டிருப்பாள், உங்கள் கதையும் அவளுடைய கதையில் ஒரு அழகான பக்கமாகச் சேர்ந்திருக்கும். நான் உங்கள் சொந்தப் பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினாள். அழகான பெயர், உங்கள் மனைவியா, அவருக்கு ஸ்கீ பிடிக்குமா என்றாள். அக்கா என்றேன், பிடிக்கும் என்றேன். அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

அந்தப் படத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஒரு பெண் வந்தார், ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரோடு. வாடகை ஜாக்கெட், வாடகை பூட்ஸ். கையில் இருந்த பலகையை வாங்கி, மெழுகு போடட்டுமா, வேகமாகப் போகும், வேண்டுமா என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம், அவரிடம் அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இப்போதெல்லாம் நான் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன் அக்கா. உங்களிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.